சீனப் பேரரசின் வீழ்ச்சி பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி: வெள்ளியைப் பின்தொடரும் ஒரு முறை

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில், வரலாற்றை ஒரு பாடமாக எடுத்திருக்கும் உயர்தர மாணவர்களுடன் அமர்ந்து கட்டுரை எழுதப் பழக்குவது நெடுநாளைய வழக்கம். "சீனாவில் வம்ச ஆட்சி வீழ்ந்தமைக்கு அந்நிய ஏகாதிபத்தியம் எந்தளவுக்குக் காரணமாயிற்று என ஆராய்க" என்ற வினாவை நான் ஆண்டுதோறும் கொடுக்கிறேன். வரும் விடைகளில் அபின் போர், நான்கிங் உடன்படிக்கை, தைப்பிங் கிளர்ச்சி, பொக்சர் கிளர்ச்சி, 1911 புரட்சி என எல்லாம் வரிசை தவறாமல் இருக்கும். ஆனால் ஒரு நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சியை எவ்வாறு உண்டாக்கியது என்பது மட்டும் இருக்காது. அந்தக் குறையை நீக்குவதற்கு நான் கையாளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

வினாவில் உயிரான சொல் "எந்தளவுக்கு" என்பதாகும். அந்நியரே அழித்தனர் என்று மட்டும் எழுதினால், 1860 இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் தலைநகர் பீக்கிங்கினுள் நுழைந்து, பேரரசர் வடக்கே தப்பியோட, கோடைக்கால அரண்மனையைப் பிரித்தானியத் தூதர் எல்ஜின் பிரபுவின் கட்டளைப்படி எரித்த பின்னரும் அதே வம்சம் 50 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது எப்படி என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இராது. மஞ்சு இனத்தாரான சிங் வம்சத்தின் அரசு உள்ளேயே உளுத்துப் போயிருந்தது என்று மட்டும் எழுதினால், இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் மடிந்த தைப்பிங் கிளர்ச்சியை அதே அரசு 1864 இல் அடக்கியது எப்படி என்ற கேள்வி எழும். ஆகவே உள்ளிருந்த வெடிப்புகளினூடாக வெளியழுத்தம் எப்படி வேலை செய்தது என்பதையே உங்கள் கட்டுரை காட்ட வேண்டும்.

எழுதத் தொடங்குமுன் நம்மவர் விலக்கிவைக்க வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போகும்போதெல்லாம் கோட்டையைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். 1619 இல் போர்த்துக்கேயர், 1658 இல் ஒல்லாந்தர், 1795 இல் ஆங்கிலேயர் என நாட்டையே கைப்பற்றி நேரடியாக ஆள்வதுதான் ஏகாதிபத்தியம் என்ற படம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. சீனாவில் நடந்தது அதுவன்று. எந்த அந்நிய வல்லரசும் பீக்கிங்கின் அரியணையில் தன் ஆளுநரை இருத்தவில்லை. துறைமுகங்கள், சுங்கம், வழக்கு விசாரணை, புகையிரதப் பாதைகள் என ஆட்சியின் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. அரியணை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த வேறுபாட்டை முதற் பந்தியிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

உடன்படிக்கைகளை வாசகம் வாசகமாகப் பிரித்தல்

கொப்பியில் எதிரெதிரான இரண்டு பக்கங்களைத் திறந்து, இடப்பக்கத்தில் உடன்படிக்கையின் வாசகத்தையும் வலப்பக்கத்தில் அதனால் யாருடைய கையிலிருந்து எது போயிற்று என்பதையும் எழுதுங்கள். பிரித்தானியாவுடனான அபின் போரில் சீனா தோற்றபின் 1842 ஓகஸ்ட் 29 இல் ஒப்பமிடப்பட்ட நான்கிங் உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். சீனா செலுத்த வேண்டியிருந்த 2 கோடியே 10 இலட்சம் வெள்ளி டொலரில் 60 இலட்சம் அழிக்கப்பட்ட அபினுக்காகவும், 30 இலட்சம் தென்சீனத் துறைமுகமான கன்ரனின் வணிகரது கடனுக்காகவும், 1 கோடியே 20 இலட்சம் போர்ச் செலவுக்காகவும் விதிக்கப்பட்டது. தன் மீது தொடுக்கப்பட்ட போரின் செலவையே தோற்ற நாடு செலுத்தும் வழக்கம் இங்கே தொடங்குகிறது; கட்டுரை முழுவதும் நீங்கள் பிடித்துக்கொண்டு போக வேண்டிய நூல் இதுவே.

அழிக்கப்பட்ட அபின் என்பதை மாணவர்கள் ஒரு சொல்லில் கடந்துவிடுகிறார்கள். அங்கே சற்று நில்லுங்கள். 1839 யூனில் பேரரசின் ஆணையாளர் லின் சேசூ, ஹூமென் கடற்கரையில் பெரிய குழிகளை வெட்டுவித்து, நீர் நிரப்பி, 20,000 பெட்டிகளுக்கு மேற்பட்ட அபினை அதில் கொட்டி, உப்பும் சுண்ணாம்பும் இட்டுக் கலக்கிக் கடலுக்குள் திறந்துவிட்டார். போருக்கு வழிவைத்தது இதுவே. அந்த அபினில் பெரும் பங்கொன்று கிழக்கிந்தியக் கம்பனியின் ஏகபோகத்தின் கீழ் பீகாரிலும் பனாரஸ் பகுதியிலும் விளைந்து கல்கத்தாவில் ஏலம் போனதாகும். 1841 மேயில் கன்ரனுக்கு அருகிலுள்ள சன்யுவான்லி கிராமத்தவர் வேல்களோடு திரண்டபோது, கொட்டும் மழையில் துப்பாக்கி மருந்து நனைந்து சூழப்பட்டு நின்றவர்கள் பிரித்தானியருக்காகப் போரிட்ட சென்னை மாகாணப் படையின் 37 ஆம் காலாட்படையைச் சேர்ந்த சிப்பாய்கள். ஒரு குடியேற்றத்தின் விளைச்சலையும் ஆட்களையும் கொண்டு இன்னொரு நாட்டை உடைத்த வரலாறு இது என்பதை நம் பிள்ளைகள் உணர்ந்து எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

கன்ரன், அமோய், பூச்சௌ, நிங்போ, ஷங்காய் ஆகிய ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டமைக்கு எதிரே "வணிகம் பெருகியது" என்று எழுதினால் போதாது. அதுவரை மேலைநாட்டாருடனான கடல் வணிகம் ஏறத்தாழ முழுவதும் கன்ரன் வழியாகவே நடந்ததால், தேயிலையை உள்நாட்டிலிருந்து மலைக்கணவாய்களூடாகத் தெற்கே கொண்டுவந்த சுமைகாரரும் படகோட்டிகளும் அதிலேயே பிழைத்தனர். வணிகம் ஷங்காய்க்கு மாறியதும் தென்சீனாவில் அவர்களுள் பலர் பிழைப்பிழந்தனர். தைப்பிங் கிளர்ச்சி மூண்டதும் அதே தெற்கில்தான். இறக்குமதித் தீர்வை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டதற்கு எதிரே, தன் கைத்தொழிலைக் காக்கவும் வருவாயைப் பெருக்கவும் தீர்வையை உயர்த்தும் உரிமையை அரசு இழந்தது என்று எழுதுங்கள். 1843 இல் சேர்க்கப்பட்ட மிகுசலுகை நாடு என்ற வாசகத்துக்கு எதிரே, ஒரு நாடு பெற்ற சலுகை எல்லா நாடுகளுக்கும் தானாகவே சேர்ந்தது என்று எழுதுங்கள். இரண்டாம் அபின் போரின் 1858, 1860 உடன்படிக்கைகளையும் இவ்வாறே பிரித்தால் போதும். அவற்றை நீட்டி எழுதத் தேவையில்லை.

வெள்ளி எங்கே போயிற்று

இந்த முறையின் நடுப்பகுதி இதுவே. குடியானவன் தன் நெல்லைச் செப்புக் காசுக்கு விற்றான். வரியோ வெள்ளியில் கணிக்கப்பட்டது. (அந்தச் செப்பு நாணயத்தை ஐரோப்பியர் "காஷ்" என்று அழைத்தது, நம் "காசு" என்ற சொல் போர்த்துக்கேயர் வாய்வழியாகச் சென்றதனாலேயாகும்.) அபினுக்கு ஈடாக வெள்ளி வெளியேற வெளியேற, ஒரு தேல் (சீன நிறையளவு) வெள்ளிக்கு ஏறத்தாழ 1,000 காசாக இருந்த மாற்று விலை 1840 களில் இருமடங்கை அண்மித்தது. வரிவீதம் மாறாமலே குடியானவனின் சுமை இரட்டித்தது. இதற்கு அபின் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். இலத்தீன் அமெரிக்க விடுதலைப் போர்களால் உலகின் வெள்ளி உற்பத்தியே அக்காலத்தில் குறைந்திருந்தது. இந்த ஒரு வரியைச் சேர்த்த மாணவர், கற்றதை எடைபோடத் தெரிந்தவர் என்பது விடைத்தாளைத் திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

உள்நாட்டு வெடிப்பையும் இதே இடத்தில் வையுங்கள். 1700 அளவில் ஏறத்தாழ 15 கோடியாக இருந்த சனத்தொகை 1850 அளவில் 40 கோடியைத் தாண்டியது. நிலமும் உத்தியோகத்தரின் எண்ணிக்கையும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. தைப்பிங்கின் தலைவர் ஹொங் சியுசுவான் அரச உத்தியோகப் பரீட்சையில் மீண்டும் மீண்டும் தோற்றவர் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பரீட்சை ஒன்றே உயர்வுக்கு வழி என்று பிள்ளைகளை வளர்க்கும் நம் ஊரில், அந்த மனமுறிவு எவ்வளவு கொடியது என்பதை எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இங்கே முதன்மையானது அடக்கிய விதமே. பேரரசின் பழைய படைகள் பயனற்றுப் போனதால் செங் குவோபான், லீ ஹொங்சாங் போன்றோர் தத்தம் மாகாணங்களில் படை திரட்டினர். 1853 இல் தொடங்கிய லிகின் என்னும் உள்நாட்டு வழிச்சுங்கம் அவற்றின் செலவை ஈடுசெய்தது. வம்சம் தப்பியது, ஆனால் படையும் பணமும் நடுவண் அரசிடமிருந்து மாகாணத் தலைவர்களிடம் நகர்ந்தன. 1911 இல் மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தமைக்கான விதை இங்கேதான் விழுந்தது.

அடுத்து இரண்டு எண்களை மனனம் செய்யுங்கள். 1895 இல் யப்பானிடம் தோற்றுச் செய்த சிமொனொசெக்கி உடன்படிக்கைப்படி நட்டஈடு 20 கோடி தேல். அந்நியரை எதிர்த்த பொக்சர் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் செய்த 1901 இன் பொக்சர் உடன்படிக்கைப்படி 45 கோடி தேல். அரசின் ஆண்டு வருவாய் அக்காலத்தில் ஏறத்தாழ 8 முதல் 9 கோடி தேல் என்பதை அருகில் எழுதினால், முதலாவது இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட வருவாய், இரண்டாவது ஐந்து ஆண்டு வருவாய் என்பது கண்முன்னே நிற்கும். நூற்றுக்கு நான்கு வீத வட்டியோடு 39 ஆண்டுகளில் கட்டி முடிக்க வேண்டிய இரண்டாவது தொகை, ஏறத்தாழ 98 கோடி தேலாகப் பெருகக்கூடியதாயிருந்தது. கையில் பணமில்லாத அரசு யப்பானுக்குச் செலுத்த ஐரோப்பிய வங்கிகளிடம் கடன்பட்டது. கடனுக்கு ஈடாகச் சுங்க வருவாயும், பின்னர் உப்பு வரியும் வைக்கப்பட்டன. அந்தச் சுங்கத் திணைக்களத்தையோ 1863 முதல் றொபேட் ஹார்ட் என்ற வெளிநாட்டவரே நடத்திவந்தார். வீட்டை ஈடுவைத்தவன் அதே வீட்டில் குடியிருந்தபடி வட்டி கட்டும் நிலை என்று வகுப்பில் சொன்னால், நம் பிள்ளைகள் உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

சீர்திருத்தமே ஆட்சியைத் தளர்த்திய விதம்

இப்பகுதியையே பலர் விட்டுவிடுகிறார்கள். 1898 இல் பேரரசர் குவாங்சு, அறிஞர் காங் யூவெய் முதலியோரின் ஆலோசனைப்படி தொடங்கிய சீர்திருத்தத்தைப் பேரரசித் தாய் சிசி ஏறத்தாழ நூறு நாளில் நிறுத்தினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1901 க்குப் பின் அவரது அரசே புதிய படை, புதிய பாடசாலை, மாகாணச் சபைகள் என்று அதைவிடப் பெரிய மாற்றங்களைச் செய்தது. 1905 இல் பழைய பரீட்சை முறை ஒழிக்கப்பட்டபோது, கற்ற குடும்பங்களை அரியணையோடு கட்டியிருந்த கயிறு அறுந்தது. புதிய படையில் புரட்சியாளர் நுழைந்தனர். 1909 இல் கூடிய மாகாணச் சபைகள் அரசை எதிர்க்கும் மேடைகளாயின. இவை அனைத்துக்கும் செலவு வேண்டியிருந்ததால், நட்டஈட்டுச் சுமையின் மேல் இன்னுமொரு வரிச்சுமை ஏறியது.

1911 ஐ எழுதும்போது புகையிரதத்திலிருந்து தொடங்குங்கள். சிச்சுவான் மக்களிடம் நிலவரியோடு சேர்த்துத் திரட்டிய பணத்தில் உருவான பாதைத் திட்டத்தை மே மாதத்தில் அரசு தன்வசமாக்கி, அதே மாதத்தில் பிரித்தானிய, பிரெஞ்சு, ஜேர்மானிய, அமெரிக்க வங்கிகளிடம் 60 இலட்சம் பவுண் கடன் பெற்றது. கிளர்ச்சி மூண்டது, அதை அடக்க நடுச்சீன நகரான வூச்சாங்கிலிருந்து படையின் ஒரு பகுதி அனுப்பப்பட்டது. ஒக்ரோபர் 9 இல் அருகிலுள்ள ஹான்கோவில் குண்டொன்று தவறுதலாக வெடித்துப் புரட்சியாளரின் சதி வெளிப்பட, மறுநாள் வூச்சாங்கில் எஞ்சியிருந்த புதிய படையினர் எழுந்தனர். வெளிக்கடன், மாகாணங்களின் வலிமை, சீர்திருத்தம் பெற்றெடுத்த படை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பதை இங்கே காட்டிவிட்டால் உங்கள் வாதம் நிறைவாகும். அந்நாளில் புரட்சித் தலைவர் சன் யாட் சென் அமெரிக்காவின் டென்வர் நகரில் இருந்தார். செய்தியைப் பத்திரிகையில்தான் அறிந்தார். ஆகவே அவரே வூச்சாங் எழுச்சியை நடத்தினார் என்று எழுதுவது பிழை. அதற்கு முந்திய ஆண்டு அவர் பினாங்கில் கூட்டம் கூட்டிப் பணம் திரட்டினார் என்பது சரியானது. மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்த யாழ்ப்பாணத்தார் பலர் அங்கு வாழ்ந்த காலம் அது.

எழுதும்போது

திட்டமிட ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்திலும் காரணமும் அது வேலை செய்த விதமும் சேர்ந்திருக்க வேண்டும். "பொக்சர் கிளர்ச்சியால் சீனா பலவீனமடைந்தது" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். அதை நாங்கள் இருவருமாகத் திருத்தியபோது இவ்வாறு அமைந்தது: "1901 இல் விதிக்கப்பட்ட 45 கோடி தேல் நட்டஈட்டைக் கட்டுவதற்காக மாகாணங்களின் மீது சுமத்தப்பட்ட பங்கு, வரியேற்றமாகக் குடியானவரிடம் இறங்கியதால், வெளியாருக்கு எதிராக மூண்ட கோபம் மஞ்சு அரசின் மீதே திரும்பியது." நீளம் கூடியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

கட்டுரையை 1912 பெப்ரவரி 12 இல் நிறுத்துங்கள். அன்று ஆறு வயதுச் சிறுவன் பூயியின் பெயரால் பேரரசி லொங்யு அரியணை துறப்பை வெளியிட, அதிகாரம் மாகாணப் படைகளின் வழிவந்த தளபதி யுவான் ஷிகாயின் கைக்குப் போயிற்று. இடம் மிஞ்சினால், புதிய குடியரசு பழைய கடன்களையும் உடன்படிக்கைகளையும் ஏற்றுக்கொண்டது என்பதையும், பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் தம் குடிமக்களைத் தாமே விசாரிக்கும் உரிமையைக் கைவிட்டது 1943 இல்தான் என்பதையும் இரண்டு வரியில் சேர்க்கலாம்.