பனிப்புயலில் கார் சிக்கினால் உயிரை எடுக்கும் தவறுகள்

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியில் தூறல்தானே என்று, ரோதாங் மலைக்கு அடியில் போகும் அடல் சாலைச் சுரங்கம் பக்கம் காரைக் கிளப்புவதில்தான் பலருக்கும் சிக்கல் தொடங்குகிறது. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுரங்கத்தின் தெற்கு வாயில் 3,000 மீட்டருக்கும் மேலே. குளிர்காலத்தில் மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் வானிலை அமைப்பு) வரும் நாளில் கீழே மழை பெய்தால் மேலே பனி கொட்டும். வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருந்தால் அன்று சுரங்கத்துக்கு முன்னால் வரும் சோலாங் பள்ளத்தாக்கைத் தாண்டவே கூடாது.

சிக்கிக்கொண்டவர்கள் செய்யும் மிகக் கொடிய தவறு, ஹீட்டருக்காக இரவு முழுக்க எஞ்சினை ஓடவிடுவது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ மலை நகரில் பனிப்புயலில் கார்களில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிரோடு கார்பன் மோனாக்சைடும் அங்கே உயிரைக் குடித்தது. பனி மூடினால் சைலன்சர் புகை வெளியேற வழியில்லாமல் வண்டிக்கு அடியில் தேங்கி, இடுக்குகள் வழியே உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் தூக்கமும் வரும். அலுப்பு என்று நினைத்துக் கண்ணை மூடுவார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் போடும் முன் இறங்கி, சைலன்சர் வாயிலும் அதைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கும் கிடக்கும் பனியை அள்ளிப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி வையுங்கள். பனி கொட்டுவது நின்றுவிட்டதே என்று அசந்துவிட வேண்டாம். பலத்த காற்று தரையில் கிடக்கும் பனியை வாரி வந்து வண்டியின் பின்னால் குவிக்கும். அள்ள அள்ளக் குவிகிறதென்றால் எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள், கம்பளிதான் துணை.

ஊர் பக்கம்தானே என்று இறங்கி நடப்பதும் ஆபத்து. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் உடம்புக்கு மைனஸ் 21 போல உறைக்கும். பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. தேடி வருகிறவர்களுக்கும் தனி ஆளைவிடக் கார்தான் எளிதில் கண்ணில் படும். ஆனால் வண்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம். காற்று கொண்டுவந்து சேர்த்த பக்கம் இன்னும் மோசம். அப்படிப்பட்ட சரிவின் அடியிலோ ஓடை வாயிலோ நிறுத்தாதீர்கள்.

பனியில் வழுக்காமல் இருக்க டயரில் சுற்றும் சங்கிலியை எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும். சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. அவற்றுக்குப் பின்சக்கரத்தில் மட்டும் மாட்டினால் வண்டி ஏறாது. அதையும் சிக்கிய பிறகு அல்ல, பனி தொடங்கும் இடத்திலேயே மாட்டிவிடுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. முதல் அல்லது இரண்டாம் கியரில் மெல்ல இறங்குங்கள், பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் வண்டி வழுக்கும். இரவில் ஹேண்ட் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சமவெளியில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகாகத் திரண்டு வடிகட்டியை அடைக்கும், ஆகவே மலையில் உள்ள பெட்ரோல் பங்கில் நிரப்புவது நல்லது.

ஜீன்சும் பருத்திச் சட்டையும் நனைந்தால் சூட்டைப் பிடித்து வைக்காது. மரத்து வெளுத்த விரலைப் பனியால் தேய்த்தால் தசை கிழியும். மது குடித்தால் சூடு ஏறுவதுபோலத் தோன்றும்; உண்மையில் தோலின் இரத்த நாளங்கள் விரிந்து உள்சூடு வேகமாக வெளியேறும். விடுதிக்குத் திரும்பியதும் மூடிய அறையில் கரி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு படுக்காதீர்கள்: காரில் கொல்லும் அதே வாயு அங்கேயும் வரும்.