புரோஸ்டேட் மாத்திரை: பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் செய்யும் தவறுகள்

எழுபது வயது அப்பச்சியிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை என்று கணீரென்று சொல்லிக்கொண்டே வருவார். நான்காவதில் குரல் இறங்கும். “அது... ராத்திரிக்கு ஒண்ணு” என்பார். பக்கத்தில் மருமகள் நின்றால் அதுவும் வராது. அந்த நான்காவது மாத்திரையின் பெயர்தான் ஜலதோஷத்துக்கு மருந்து தருகிறவருக்கும், கண் டாக்டருக்கும், இதய டாக்டருக்கும் முதலில் தெரிய வேண்டியது.

ஒரு வேளை மறந்துவிட்டு மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது போன்றவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

முதலில் ஒரு விஷயம். புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர் வழியைச் சுற்றி இருக்கும் சுரப்பி. வயதானால் அது பெருத்து அந்த வழியை நெருக்கும். இந்த மாத்திரைகளில் பரவலாக எழுதித் தரப்படுபவை இரண்டு வகை. டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் ஆகியவை புரோஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தி வழியைத் திறந்துவிடும். ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு ஆகியவை சுரப்பியையே மெல்ல மெல்லச் சுருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரையும் உண்டு, டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், டூட்டாஸ்டெரைடு 0.5 மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கும். தன்னிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாதவருக்குக் கீழே சொல்வது எதுவும் உதவாது. அட்டையை எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஜலதோஷ மாத்திரை

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், சில ரூபாய் மாத்திரையில் ஆரம்பித்து, சிறுநீரை வெளியே எடுக்கப் போடும் குழாயில் போய் முடிவதுதான்.

மார்கழிப் பனி. மூக்கு ஒழுகுகிறது. மறுநாள் சென்னையில் கல்யாணம், இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கடையில், “தம்பி, சளிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்கிறார். கடைக்காரரும் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார். திருச்சியில் இறங்கச் சோம்பல், அடக்கிக்கொள்கிறார். விழுப்புரம் தாண்டும்போது அடிவயிறு கல்லாகிவிடுகிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றால் ஒரு சொட்டு வரவில்லை.

அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலானவற்றில் பாராசிட்டமாலுடன் குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்திருக்கும். சிலவற்றில் சூடோஎஃபெட்ரின். குளோர்ஃபெனிரமைன் மூக்கொழுகலை நிறுத்தும். கூடவே சிறுநீர்ப்பை சுருங்கித் தள்ளும் வலுவையும் குறைக்கும். ஃபினைலெஃப்ரினும் சூடோஎஃபெட்ரினும் மூக்கின் ரத்தக்குழாய்களை இறுக்கும். அதே கையோடு புரோஸ்டேட்டின் தசையையும் இறுக்கும். டாம்சுலோசின் திறக்கப் பார்க்கும் கதவை இவை வெளிப்பக்கத்திலிருந்து இழுத்துச் சாத்துகின்றன. தள்ளுகிற பை தளர்ந்துவிட்டது, கதவும் மூடிவிட்டது. இதற்கு மேல் சிறுநீர் எப்படிப் போகும்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டாம்சுலோசின், சிலோடோசின் சாப்பிடுகிற சிலருக்கு அந்த மாத்திரையாலேயே மூக்கடைக்கும். சளியே இருக்காது. அதற்குப் போய் ஜலதோஷ மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள்.

அடைத்துக்கொண்ட பிறகு வீட்டில் செய்வது அதைவிட மோசம். “சூடு பிடிச்சிருக்கு” என்று தொப்புளில் நல்லெண்ணெய் வைப்பார்கள், இளநீர் வெட்டுவார்கள், பார்லிக் கஞ்சி காய்ச்சுவார்கள். வெளியே போக வழியில்லாத பைக்குள் மேலும் மேலும் ஊற்றினால் வலிதான் கூடும். சாதாரணமாக 400 மில்லி நிறைவதற்குள்ளேயே போயாக வேண்டும் என்று தோன்றும் பை அது. அடைத்தவர்களுக்கு அதைப் போல இரு மடங்குகூடத் தேங்கி நிற்கும். சொட்டுச் சொட்டாக வந்தால் சரியாகிவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. நிரம்பி வழிகிற பையிலிருந்து கசிவதும் அப்படித்தான் இருக்கும்.

முட்டிக்கொண்டு வந்தும் போகவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காரைக்குடி அரசு மருத்துவமனையோ, பக்கத்தில் உள்ள எந்த மருத்துவமனையோ, அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். குழாய் போட்டவுடன் வலி அடங்கும். அதன் பிறகு டாம்சுலோசின் போன்ற மாத்திரையைக் கொடுத்து, பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். தானாகப் போனால் தப்பித்தார். போகவில்லையென்றால் மறுபடி குழாய், அப்புறம் ஆபரேஷன் பேச்சு.

கடையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “நான் புரோஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறேன். குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் இல்லாததாகக் கொடுங்கள்.” காய்ச்சலுக்குத் தனிப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு ஆவி, தொண்டைக்கு உப்புநீர். தும்மல் நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் கேட்டு வேறு மாத்திரை. வயிற்றுவலிக்குத் தரும் டைசைக்ளோமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

ராத்திரி சடாரென்று எழுந்திருப்பது

நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து மறு தெருவில் முடிகிறவை. படுப்பது வளவில், கழிப்பறை பின்கட்டில். நடுவில் முற்றம், இரண்டு மூன்று உயரமான நிலைப்படி, கண்ணாடியாய் வழவழக்கும் ஆத்தங்குடிக் கல். வழியைத் திறக்கும் வகை மாத்திரைகள் ரத்தக்குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும். படுத்திருந்தவர் எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். முதல் சில நாள்களிலும், அளவைக் கூட்டும்போதும், பிரஷர் மாத்திரையும் சேரும்போதும் இது அதிகம். இரண்டாவது நிலைப்படியில் கால் தடுக்கினால் இடுப்பெலும்புதான்.

விழித்ததும் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காருங்கள். வழியெல்லாம் சின்ன விளக்கு எரியட்டும். சிறுநீரை உட்கார்ந்தே கழியுங்கள். நின்றபடி போகும்போது மயங்கி விழுகிறவர்கள் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு யூரின் பாட்டில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் கழித்துப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து அதிகமாக ரத்தத்தில் ஏறி, தலைசுற்றலும் அதிகமாகும். விரத நாளில் இரவுச் சாப்பாட்டை விடுகிறவர் மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளட்டும்.

பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டை அப்படியே நம்புவது

பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட்டில் உருவாகும் ஒரு புரதம்; ரத்தத்தில் அது கூடினால் புற்றுநோயா என்று பார்ப்பார்கள். டூட்டாஸ்டெரைடும் ஃபினாஸ்டெரைடும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். லேப் தாளில் 2.6 என்று வந்திருக்கும். பக்கத்தில் 0 முதல் 4 வரை சரி என்று அச்சடித்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உண்மையில் அதை 5.2 என்று படிக்க வேண்டும். லேபுக்கு நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது.

மாத்திரையில் இருக்கும்போது ஒரு முறை 1.2க்கு இறங்கிய அளவு அடுத்த பரிசோதனையில் 1.9 ஆனாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். நாலுக்குள் இருக்கிறதே என்று தாளை மடித்து வைக்கக் கூடாது. இந்த வகை மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நீர் அடைத்துக் குழாய் போட்ட சமயத்தில் எடுத்தால் அளவு வீணாக எகிறி நிற்கும்; சில வாரம் தள்ளி எடுக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் கைவிடுவது

டாம்சுலோசின் சில நாளில் வேலை செய்யும். சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைக்கு ஆறு மாதமாவது கொடுக்க வேண்டும்.

பாதயாத்திரைக்குப் பின் பழைய அளவிலேயே ஆரம்பிப்பது

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடக்கிற நகரத்தார் பாதயாத்திரையில் வழியெல்லாம் எங்கே ஒதுங்குவது என்று சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் ஒதுங்க வேண்டிய அவசரம் கூடும், குறையாது. அதைவிட ஆபத்து திரும்பி வந்த பிறகு. வழியைத் திறக்கும் வகையிலேயே சேர்ந்த டாக்சாசோசின், டெராசோசின், பிராசோசின் சாப்பிடுகிறவர்கள் பல நாள் விட்டுவிட்டு மறுபடி முழு அளவில் போட்டால் முதல் மாத்திரையிலேயே மயங்கி விழலாம். டாக்டரிடம் கேட்டு, மிகக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். டாக்சாசோசின் என்றால் அது வழக்கமாக 1 மில்லிகிராம், படுக்கப்போகும் வேளையில்.

சார்பிட்ரேட்டும் டடாலஃபிலும்

புரோஸ்டேட்டுக்கு டடாலஃபில் 5 மில்லிகிராம் தினசரி எழுதுவதும் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு விழும்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்

டாம்சுலோசின் சாப்பிட்டவர்களுக்கு ஆபரேஷனின்போது கண்ணின் கருவிழித்திரை துவண்டு மடங்கக்கூடும். இது 2005இல்தான் மருத்துவ உலகில் பதிவானது. கேம்ப்பில் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் சர்ஜன் அதற்கேற்பத் தயாராக இருப்பார். ஒரு வாரம் முன்னால் நிறுத்திவிட்டேன் என்பதில் பயனில்லை. எப்போதோ நிறுத்தியவர்களுக்கும் இது வந்திருக்கிறது.

விந்து வரவில்லை என்று பயப்படுவது

சிலோடோசினில் இது சகஜம். நிறுத்தினால் திரும்பிவிடும்.

காப்ஸ்யூலை உடைத்துக் கரைப்பது

கூடாது. விழுங்க முடியவில்லையென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மாத்திரை டப்பாவைப் பிள்ளைத்தாய்ச்சி மகளிடம் கொடுப்பது

பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் அப்பச்சிக்கு வாரத்து மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். டூட்டாஸ்டெரைடு காப்ஸ்யூல் கசிந்திருந்தால் மருந்து தோல் வழியே உள்ளே போகும். வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையென்றால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். உடைந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான். தெரியாமல் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிரசவம் முடியும் வரை அந்த ஒரு அட்டையை மட்டும் அப்பச்சியே பிரித்துக்கொள்ளட்டும்.

ரத்ததானம்

டூட்டாஸ்டெரைடு நிறுத்தி ஆறு மாதம் ஆகும் வரை இல்லை. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.