கடல்நீர் அளக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுக் கப்பலில் ஒவ்வொரு முறையும் புது முகங்கள் ஏறுகின்றன. தவறுகள் மட்டும் பழையவை. பாதி, ஒருகாலத்தில் நானும் செய்தவைதான். அலையோடு தண்ணீரும் ஓடிவருகிறது என்று நினைப்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாம்பிள் பாட்டிலை அலட்சியமாகக் கழுவுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். கடலுக்குள் கம்பியில் இறக்கும் சிடிடி கருவி, உப்புத்தன்மையை (ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ எத்தனை கிராம் உப்பு என்பதை) நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துத்திறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றிலிருந்தும் கணக்கிட்டுத்தான் அது கிடைக்கிறது. கடத்துத்திறனை அளக்கும் உணரி (சென்சார்) நாளாக ஆக உண்மை மதிப்பிலிருந்து மெல்ல விலகும். அதைத் திருத்தத்தான் பல ஆழங்களில் நீர் பிடித்து, 200 மி.லி. கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, உப்புத்தன்மை அளக்கும் ஆய்வகக் கருவியான சாலினோமீட்டரில் அளந்து பார்க்கிறோம். உரைகல்லே அந்த பாட்டில்தான்.

ஒரு பயணத்தில் இளைஞர் ஒருவர், "சார், 3,000 மீட்டருக்குக் கீழே புது நீர்த்திரள் ஒன்று தெரிகிறது" என்று துள்ளிக்கொண்டு வந்தார். நீர்த்திரள் என்றால் தனக்கென வெப்பநிலையும் உப்புத்தன்மையும் கொண்ட பெரிய நீர்ப்பகுதி. மேலும் கீழும் உள்ள ஆழங்களைவிட உப்புத்தன்மை 0.02 கூடுதல். பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னேன். மூடியின் மரைக்குள் வெள்ளையாக உப்புப் பொருக்கு, முந்தைய பயணத்தின் மிச்சம். கணக்குப் போட்டால் வயிற்றைக் கலக்கும்: 200 மி.லி. நீரில் 2 மில்லிகிராம் உப்பு கரைந்தாலே உப்புத்தன்மை 0.01 ஏறிவிடும். மூடி தளர்ந்து ஒரே ஒரு சொட்டு ஆவியானாலும் ஏறத்தாழ அதே கதைதான். ஆழ்கடல் அளவீட்டில் எதிர்பார்க்கப்படும் துல்லியமோ 0.002.

அதைவிட மோசம், அந்த எண்களை நம்பி உணரியின் பதிவுகளையும் அவர் "திருத்தி" வைத்திருந்தார். உப்புத்தன்மை பிசகினால் அடர்த்தி பிசகும். அடர்த்தி வேறுபாட்டிலிருந்து கணக்கிடும் நீரோட்டமும் பிசகும். மொத்தத் தரவையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் வேலை சின்னது. ஆழத்தில் நீர் பிடித்துவரும் நிஸ்கின் பாட்டிலிலிருந்து முதலில் ஆக்சிஜன் சாம்பிள், கடைசியில் உப்புக்கானது. எந்த நீரை அடைக்கப்போகிறீர்களோ அதே நீரால் பாட்டிலையும் மூடியையும் மூன்று முறை அலசுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று கடைசியில் குழாய்த் தண்ணீர் விட்டு அலசுபவர்களும் உண்டு. கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். தோள்வரை மட்டும் நிரப்புங்கள், குளிர்ந்த நீர் சூடேறும்போது விரிய இடம் வேண்டும். விளிம்பைத் துடைத்து இறுக மூடுங்கள். அப்புறம் ஆய்வக வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள்.

ஆழத்து வெப்பநிலையை அப்படியே ஒப்பிடுவது

மரியானா அகழியில் சுமார் 4,500 மீட்டருக்குக் கீழே போகப்போக வெப்பநிலை ஏறும். அடியில் ஏறத்தாழ 1 டிகிரி கூடியிருக்கும். உடனே பூமியின் உள்வெப்பம் என்று எழுதிவிடாதீர்கள். அழுத்தத்தில் நீர் இறுகுவதால் வரும் சூடு அது. அழுத்தத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பாருங்கள், அந்த ஏற்றம் காணாமல் போகும்.

காற்றடிக்கும் பக்கமே நீரோட்டத்தை வரைவது

1893–96இல் நார்வே ஆய்வாளர் நான்சன் ஃப்ராம் கப்பலில் ஆர்க்டிக் பனியில் பயணித்தபோது மிதக்கும் பனி, காற்றின் திசைக்கு வலப்புறம் 20 முதல் 40 டிகிரி விலகி நகர்ந்தது. பூமியின் சுழற்சியை வைத்து 1905இல் சுவீடன் கடலியலாளர் எக்மன் அதற்குக் கணக்குச் சொன்னார். காற்று தள்ளும் மேலடுக்கு நீரின் மொத்த நகர்வு வட அரைக்கோளத்தில் காற்றுக்கு 90 டிகிரி வலம், தென் அரைக்கோளத்தில் இடப்புறம். கரைக்கு இணையாகக் காற்று வீசும்போது மேல்நீர் கரையை விட்டு விலகி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏன் மேலே வருகிறது என்பது, இது பிடிபடாதவரை புதிராகவே இருக்கும்.

4 டிகிரி கணக்கு

4 டிகிரியில்தான் நீர் மிக அடர்த்தியாக இருக்கும் என்பது நன்னீருக்கு. 35 உப்புத்தன்மையுள்ள கடல்நீர், சுமார் மைனஸ் 1.9 டிகிரியில் உறையும்வரை அடர்ந்துகொண்டேதான் போகும்.

சிடிடி கருவி மேலே ஏறும்போது பதிவானதை நம்புவது

இறங்கும்போது பதிவானதை எடுங்கள். ஏறும்போது உணரிகள் பார்ப்பது, கருவியின் சட்டகம் கலக்கிவிட்ட நீரை.