இளந்தீயில் வேகும் குவாங்டாங் கோழி சூப்: முதன்முறை செய்பவர்களுக்கு

தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் வீட்டுச் சமையலின் உயிர் சூப்பில் இருக்கிறது. மணிக்கணக்காக இளந்தீயில் வைத்து இறக்கும் இந்த வகையை ‘லோ ஃபோ தோங்’ என்பார்கள். இன்றைக்கு என்ன சூப் என்பதை வானிலை பார்த்து முடிவு செய்வது அங்கே வழக்கம். புழுக்கமான கோடையில் வெண்பூசணி, தொண்டை வறளும் இலையுதிர் காலத்தில் பேரிக்காய், குளிர் வந்துவிட்டால் இஞ்சி தூக்கலாகப் போட்ட இறைச்சி. நோய்க்கு முதலில் உணவைக் கொடுத்துப் பார், அதில் தீராவிட்டால் மருந்துக்குப் போ என்று 7ஆம் நூற்றாண்டிலேயே சுன் சிமியாவ் என்ற மருத்துவர் வலியுறுத்திய மரபு இது.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கோழியோடு ஹுவாய் ஷான் என்ற காய்ந்த கிழங்கு வில்லையும், கோஜி என்ற சிறு சிவப்புப் பழமும் சேர்த்த சூப்தான். கசப்பே இருக்காது, குழந்தைகளும் விரும்பிக் குடிப்பார்கள். தாங் குய், ஜின்செங் மாதிரி வீரியமான வேர்களை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

தேவையானவை (4 பேருக்கு)

எலும்போடு நாட்டுக்கோழி 750 கிராம், பெரிய துண்டுகளாக
காய்ந்த ஹுவாய் ஷான் 30 கிராம்
சீனச் செவ்விலந்தை 6
கோஜி பெர்ரி 1 மேசைக்கரண்டி
காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோல், சிறு துண்டு
இஞ்சி 5 வில்லை
தண்ணீர் 2 லிட்டர்
உப்பு

ஹுவாய் ஷான் என்பது ஒரு வள்ளிக்கிழங்கின் காய்ந்த வில்லை. இலங்கையில் இராசவள்ளி என்கிறோமே, அதற்கு உறவு. வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். பளீரென்ற வெள்ளையும் புளித்த நெடியும் இருந்தால் கந்தகப் புகை போட்டிருக்க வாய்ப்பு அதிகம்; வேண்டாம். லேசாகப் பழுப்பேறிய வெண்மைதான் நல்லது. செவ்விலந்தைக்குப் பதிலாகப் பேரீச்சையைப் போட்டால் சூப் பாயசம்போல் இனித்துவிடும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு எல்லாமே பக்கத்துக் கடையில் கிடைக்கும். மற்றவர்கள் இணையத்தில் வாங்கலாம்.

1. ஊறவைத்தல்

ஹுவாய் ஷானையும் ஆரஞ்சுத் தோலையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஆரஞ்சுத் தோல் ஊறியதும் உள்பக்க வெள்ளைப் பகுதியைக் கரண்டியால் சுரண்டி எடுங்கள், கசப்பு அதில்தான். இலந்தையைக் கீறிக் கொட்டையை நீக்குங்கள். கொட்டையோடு போட்டால் உடம்புக்குச் சூடு என்பது அந்த ஊர்க்காரர்கள் நம்பிக்கை. சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு நமக்கும் புதிதில்லையே.

2. கோழியைக் கொதிக்கவிட்டு அலசுதல்

இதைத் தவிர்த்தால் சூப் கலங்கி, கவிச்சி அடிக்கும். கோழியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, 2 வில்லை இஞ்சியுடன் அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது: மேல்சதை சட்டென்று இறுகிவிடும், எலும்பருகே உள்ள இரத்தம் வெளியே வராது. கொதி வந்ததும் சாம்பல் நிற நுரை திரளும். 3 நிமிடம் விட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டையும் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். எலும்பு இடுக்கில் விரல் விட்டுக் கழுவ வேண்டும்.

3. அடுப்பில் ஏற்றுதல்

மண்பானையோ அடிகனமான பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள். கோஜியும் உப்பும் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டு 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். பெருந்தீயில் கொதிக்கவிட்டு, 10 நிமிடத்தில் தீயை முடிந்தவரை குறைத்துவிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சூப் வெளுத்துவிடும். நமக்கு வேண்டியது தெளிந்த பொன்னிறம். கிளறவே வேண்டாம். தண்ணீர் வற்றிப் போனால் கொதிநீர் மட்டும் சேர்க்கலாம். குக்கரில் வைத்தால் கறி வேகும், ஆனால் இந்த மணம் வராது என்பது என் எண்ணம்.

4. இரண்டு மணி நேரம்

பிராய்லர் கோழி என்றால் ஒன்றரை மணி நேரம் போதும்.

5. கோஜியும் உப்பும்

இறக்க 10 நிமிடம் இருக்கும்போது கோஜியை அலசிப் போடுங்கள். முன்பே போட்டால் கரைந்து புளிப்பு இறங்கும். உப்பு, அடுப்பை அணைத்த பிறகுதான்.

மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டுச் சூடாகக் குடியுங்கள். சத்தெல்லாம் சூப்பில் இறங்கிவிட்டது என்று கறியை ஒதுக்காதீர்கள். புரதத்தின் பெரும்பகுதி கறியில்தான் நிற்கிறது. குவாங்டாங் வீடுகளில் அதை எடுத்து சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், அருமையாக இருக்கும்.

காய்ச்சல், சளி இருக்கும்போது உடம்பைத் தேற்றும் சூப்புகளை அவர்கள் குடிப்பதில்லை. நோய் குறைந்த பிறகே தொடங்குவார்கள். நெடுநேரம் வெந்த இறைச்சிச் சாற்றில் பியூரின் அதிகம், எனவே கௌட் எனப்படும் மூட்டுவாதம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கோஜி ஆகாது. மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும். அவர்களுக்கு வைக்கும்போது கோஜியை விட்டுவிடுங்கள், இலந்தை தரும் இனிப்பே போதும்.