சம்பளத்தை நீங்களே குறைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒருவருக்கு இன்டர்வியூ பழக்கிக்கொண்டிருந்தேன். வயது 51. மணலி பக்கம் கண்டெய்னர் யார்டில் 17 வருடம் இருந்தவர். லேமினேட் செய்த சான்றிதழ்களோடு ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் இரண்டாவது கேள்விக்கே போகவில்லை, "சம்பளம் நீங்களே பாத்துக் குடுங்க சார், இருபதுன்னாலும் வரேன்" என்றார். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

நேரத்துக்குப் போங்கள், சட்டையை இஸ்திரி போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஐம்பதை ஒட்டிய வயதில் வேலை தேடும் நாம் இன்டர்வியூவில் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

கேட்பதற்கு முன்பே சம்பளத்தை இறக்குவது

எனக்கு அப்போது 47 வயது. 38,000 வாங்கிக்கொண்டிருந்தவன், ராஜாஜி சாலையில் ஓர் அலுவலகத்தில் "25 போதும் சார்" என்றேன். எதிரில் இருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். "ஏன், பழைய இடத்துல ஏதாவது பிரச்சினையா?" அதுவரை அவருக்கு இல்லாத சந்தேகத்தை நானே கிளப்பிவிட்டேன். வேலை கிடைத்தது, 25-க்கே. அடுத்த கம்பெனியில் கடைசி 3 மாத பே ஸ்லிப் கேட்டார்கள். பேச்சு 25-லிருந்துதான் தொடங்கியது. பழைய சம்பளத்தைத் திரும்பப் பார்க்க 6 வருடம் ஆனது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இந்த வயதில் அடி மாதச் சம்பளத்தோடு நிற்காது. கிராஜுவிட்டி கணக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான். பி.எஃப். பென்ஷனுக்குக் கடைசி 60 மாதச் சராசரி பார்ப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000-க்குக் கீழே போனால் பென்ஷனும் குறையும். 58 வரை வேலை பார்ப்பவருக்கு அந்த 60 மாதம் 53 வயதில் தொடங்கிவிடுகிறது. இப்போது நீங்கள் விட்டுக்கொடுப்பது அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான்.

"சின்னப் பையன் 22-க்கு வரானே" என்று மடக்குவார்கள். உடனே இறங்காதீர்கள். இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் ஒரு எண் தப்பினால் கண்டெய்னர் யார்டிலேயே நிற்கும், இலவச நாள் முடிந்ததும் தினமும் வாடகை ஏறும். அப்படி ஒன்றை நீங்கள் பிடித்த நாளைச் சொல்லுங்கள். எந்தச் சரக்கு, எத்தனை நாள், எவ்வளவு மிச்சம். அப்புறம் உங்கள் தொகையைச் சொல்லுங்கள்.

"என் பையன் மாதிரி பாத்துக்குவேன்"

"28 வயசு மேனேஜருக்குக் கீழ வேலை செய்வீங்களா?" என்று கேட்டால் பாசமாக இப்படிச் சொல்கிறோம். கேட்பவருக்கு இவர் நம் பேச்சைக் கேட்கமாட்டார் என்றுதான் படும். உங்களைவிடச் சின்னவரிடம் கடைசியாக எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

"தம்பி" வேண்டாம்.

வயதை மறைப்பது

பிறந்த தேதி ஆதாரில் இருக்கிறது, பி.எஃப். கணக்கில் இருக்கிறது.

சட்டம் பேசுவது

அரசியலமைப்பின் 16-வது பிரிவு, அரசு வேலையில் காட்டக்கூடாத பாகுபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் வயது இல்லை. அந்த அறைக்குள் வாதாடிப் பயனில்லை.

அந்த 51 வயதுக்காரருக்கு வரும் வியாழக்கிழமை திருவொற்றியூரில் இன்டர்வியூ. நான்கு தடவை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். நான்காவது தடவை ஃபைலை மேஜைமேல் வைத்தார். "முப்பத்தஞ்சு எதிர்பார்க்கிறேன் சார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.