சிவப்பு வயர் எந்தத் துளையில் இருக்கிறது?

என் மேசை இழுப்பறையில், வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர்கள் ஏழு கிடக்கின்றன. வேலைக்கு எடுப்பது இரண்டைத்தான். மீதி ஐந்தில் ஒன்றை என் கையாலேயே கொன்றேன்.

யாங்கோனில் ஒரு மழைக்கால இரவு. பகலில் காரின் பேட்டரி சும்மா நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பதற்காகச் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றியிருந்தேன். இரவு கரண்ட் வந்ததும், வோல்டேஜ் எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று குமிழை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, இரண்டு முனையையும் சுவர் பிளக்கில் செருகினேன். குமிழ் சரியாகத்தான் இருந்தது, வயரை மாற்ற மறந்துவிட்டேன். டப் என்று ஒரு சத்தம், நீல வெளிச்சம், வீடு முழுக்க இருட்டு. வீட்டுக்காரி கேட்டதை இங்கே எழுத முடியாது.

நடந்தது இதுதான். வோல்ட் துளைக்குப் பின்னால், பெரும்பாலான டிஜிட்டல் மீட்டரில், 10 மெகாஓம் தடை இருக்கும். ஆம்பியர் துளைக்குப் பின்னால் கனமான ஒரு கம்பித் துண்டுதான் இருக்கும், தடை இல்லை என்றே சொல்லலாம். அதைப் பிளக்கில் வைத்தால் 230 வோல்ட்டை வெறும் கம்பியால் இணைத்த மாதிரி. குமிழ் எங்கே நின்றாலும் ஒன்றுதான். நல்ல மீட்டரில் மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் இருக்கும், உள்ளே எழும் தீப்பொறியை மணல் அணைத்துவிடும். மலிவு மீட்டரில் சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், அது வெடித்துச் சிதறும். 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இல்லாத மீட்டர்களும் உண்டு, துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஃபியூஸ் போனபின் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஒப்பேற்றிய மீட்டரையும் பார்த்திருக்கிறேன். பழைய மீட்டர் வாங்கினால் முதலில் பின்மூடியைத் திறந்து பாருங்கள்.

எந்த இடம் வரை அளக்கலாம் என்று சொல்லும் பாதுகாப்பு வகையை, கேட் 2 (CAT II), கேட் 3 என்று முகப்பில் அச்சடித்திருப்பதை நம்பி வாங்குவது அடுத்த தவறு. கேட் 2 என்றால் சுவர் பிளக்கில் போடும் சாமான்கள் வரை, கேட் 3 என்றால் வீட்டு மெயின் போர்டு வரை, தெருக் கம்பியிலிருந்து வரும் மீட்டர் பெட்டிக்குக் கேட் 4. அச்சடிக்க யாருக்கும் முடியும். கேட் 3, 1000 வோல்ட் என்று போட்டுவிட்டு உள்ளே 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸ் வைத்திருந்தால், எழுத்துக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை.

நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது, எனக்கு அதிகப் பயம் அதில்தான். முறை வைத்துக் கரண்ட் வெட்டும் ஊரில், 'இப்போது கரண்ட் இல்லை' என்று சொல்லிவிட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்றி உட்காருகிறோம். மீட்டரும் சுழியம் காட்டுகிறது. ஆனால் கரண்ட் வெட்டியிருப்பது வேறு, நாமே மெயினை இறக்கிவைத்திருப்பது வேறு. பாதி வேலையில் கரண்ட் திரும்பலாம். தன் ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ மாற்று ஸ்விட்ச் இல்லாமல் கோர்த்திருப்பவர் வீட்டிலிருந்தும் கம்பி வழியே வரலாம். மெயினை இறக்குங்கள். அப்புறம் மீட்டரை, கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த உயிர்க்கம்பி ஒன்றில் வைத்து, வேலை செய்கிறதா என்று பாருங்கள், இன்வெர்ட்டர் பிளக்காவது இருக்குமே. பிறகு தொடப்போகும் கம்பியில் வையுங்கள். சுழியம் வந்தால் மறுபடி அந்த உயிர்க்கம்பியில் ஒருமுறை. நடுவில் மீட்டரே செத்திருந்தால் சுழியத்தைத்தானே காட்டும்? எல்லாவற்றுக்கும் முன்னால், மீட்டரின் சொந்த பேட்டரி அடையாளம் மினுக்கினால் முதலில் அதை மாற்றுங்கள். இறங்கிய பேட்டரியில் டிஜிட்டல் மீட்டர் தப்பான எண்ணை அழகாகக் காட்டும்.

இன்வெர்ட்டர் என்றதும் இன்னொன்று. மலிவு இன்வெர்ட்டரின் அலை வழவழப்பான வளைவு அல்ல, படிக்கட்டு மாதிரி. அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாகக் கணக்கிடும் 'ட்ரூ ஆர்எம்எஸ்' வசதி இல்லாத மீட்டர், சராசரியை எடுத்து 1.11ஆல் பெருக்கிக் காட்டுவதால், உண்மையில் 230 இருக்கும் இடத்தில் 180 போலக் காட்டும். அதைப் பார்த்து இன்வெர்ட்டர் கெட்டுப்போனது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்கள் வோல்டேஜை வைத்து மிச்சச் சார்ஜைக் கணக்கிடாதீர்கள். 12 வோல்ட் வகை பேட்டரி தன் கொள்ளளவின் பெரும் பகுதியில் 13.0க்கும் 13.3க்கும் நடுவிலேயே நிற்கும்.

காரில் உள்ள ஈய-அமில பேட்டரி கதை வேறு. நிறைந்தால் 12.6, பாதியென்றால் 12.2 சுமார். ஆனால் ஓட்டிவந்து நிறுத்திய கையோடு அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் காரணமாக அதிகம் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். அப்படியும் எண் நன்றாக இருந்து கார் ஸ்டார்ட் ஆகாமல் போகும். சுமை இல்லாதபோது கிழட்டு பேட்டரியும் 12.5 காட்டும். யாரையாவது சாவியைத் திருகச் சொல்லி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளந்து பாருங்கள். 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் முனகினால் பலரும் கம்பியை பீப் சோதனையில் வைத்து, 'கூவுகிறது, கம்பி நல்லது' என்பார்கள். நூறு இழைகளில் ஒன்று மிஞ்சினாலும் பீப் கூவும். ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் பூமிக்கம்பியில் துரு அல்லது தளர்வு. நம் மழைக்கும் ஈரத்துக்கும் இது சாதாரணம்.

கார் சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து போகும் திருட்டு இழுப்பை அளக்கும்போதுதான் மீட்டர் ஃபியூஸ்கள் அதிகம் போகின்றன. கரண்ட் மீட்டருக்குள்ளேயே ஓடும்படி அதைத் தொடரில் வைத்துவிட்டு யாரோ சாவியைத் திருகுவார்கள், ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். திறந்த கதவின் பூட்டை, சாத்தியிருப்பதுபோல் மடக்கிவிட்டு 20, 30 நிமிடம் காத்திருங்கள், காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கவேண்டும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. எதையும் கழற்றாமல், கார் ஃபியூஸின் மேல்முகத்தில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மில்லிவோல்ட் பார்த்தும் எந்தப் பாதை இழுக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

சேகரிப்பவர்களுக்கு: ஊசி மீட்டர் அழகு. ஆடும் தொடர்பை ஊசி காட்டுகிற மாதிரி எண் காட்டாது. ஆனால் பெரும்பாலான ஊசி மீட்டர்களில், ஓம் அளவில், கறுப்பு வயர்தான் பாசிட்டிவ். தெரியாமல், ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் டையோடைச் சோதித்தால் நல்லது கெட்டது தலைகீழாகும். ஓம் அளவைத் தொடும் முன் முனைகளைச் சேர்த்துச் சுழியத்தைச் சரிசெய்யவேண்டும். 1923 முதல் வந்த ஆவோமீட்டர் மாதிரிப் பழைய பெட்டிகளை அலமாரியில் வையுங்கள், வீட்டு மெயினில் வைக்காதீர்கள். சும்மா கிடப்பவற்றின் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒழுகிய கசிவு தகட்டை எப்படித் தின்கிறது என்று ஒரு மழைக்காலத்திலேயே தெரியும். எனக்கு அப்படிப் போனது மூன்று.

அன்று இருட்டில் செத்ததன் ஃபியூஸை மாற்றினேன், உயிர் வரவில்லை. தூக்கிப்போடவும் மனமில்லை. அதன் சிவப்பு வயர் இன்னும் 10 ஆம்பியர் துளையிலேயே செருகிக் கிடக்கிறது.