சுகத்துக்காகக் காத்திருப்பவரோடு ஜெபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் ஜெபக்குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர்தான் ஜெபித்தார். நல்ல ஜெபம், உருக்கமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த கையோடு, "இப்ப எப்படி இருக்குண்ணே? வலி விட்டுடுச்சா?" என்று கேட்டார்.

நோயாளி தம்பியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவியையும் பார்த்தார். "பரவாயில்ல தம்பி, விட்டுடுச்சு" என்றார். அவருடைய வலது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கமான பிடி. தம்பி கண்ணை மூடி "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். ஏனென்றால் இதே கேள்வியை இதே குரலில் பல வருடம் நானும் கேட்டிருக்கிறேன். வியாதிப்பட்டவர்களைச் சந்தித்து ஜெபிக்கும் ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது, "ஏதோ பாவம் செய்திருக்கிறாய்" என்று சொல்லக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாட்சிக்கு அவசரப்படுத்துவது

எங்கள் சபையில் ஒரு அக்காவுக்கு ரொம்ப நாளாக வயிற்று வலி. 3 நாள் உபவாசம் இருந்து ஜெபித்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் வலி இல்லை என்றார். எங்கள் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கிடைத்த சுகத்தைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்லவைக்க நானே மைக்கை எடுத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன்.

"இன்னும் ரெண்டு வாரம் பார்த்துட்டுச் சொல்றேனே" என்று மெதுவாகச் சொன்னார். நான் விடவில்லை. "சாட்சி சொன்னாத்தான் சுகம் உறுதிப்படும்" என்றேன். வேதத்தில் எங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அவர் எழுந்து சொன்னார், சபை கைதட்டியது.

3 வாரத்தில் வலி திரும்ப வந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அத்தனை பேர் முன்னால் "கர்த்தர் சுகமாக்கினார்" என்று சொன்ன வாயால் "வலிக்கிறது" என்றால், கர்த்தரையே பொய்யராக்கியதாகிவிடும் என்று பயந்திருக்கிறார். அடுத்து எடுக்க வேண்டிய ஸ்கேனையும் எடுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தார், சிரித்தார், பாடினார். ராத்திரியில் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு அவர் சுருண்டு கிடந்ததை மகள் பார்த்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது 5 மாதம் ஆகியிருந்தது. முன்னமே வந்திருந்தால் அறுவை சிகிச்சை இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

உயிர் பிழைத்தார், கர்த்தருக்கு நன்றி. ஆனால் பிறகு என்னிடம் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: "வலியைக்கூடத் தாங்கிட்டேன் தம்பி. உங்க எல்லார் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டு நின்னதைத்தான் தாங்க முடியல." அந்த 5 மாதமும் அவர் தனியாக இருந்ததற்குக் காரணம் நான்.

அதற்குப் பிறகுதான் சுவிசேஷங்களை இந்தக் கண்ணோடு திரும்ப வாசித்தேன். மாற்கு 1ஆம் அதிகாரத்தில் இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்குகிறார். உடனே ஊருக்கெல்லாம் சொல் என்றா அனுப்பினார்? ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாதே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். ஆசாரியன் எப்படிச் சோதிப்பான் என்பது லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் 7 நாள் அடைத்துவைத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் 7 நாள். சுத்தமானவன் என்று சொல்லிப் பாளயத்துக்குள் விட்ட பிறகும், தன் கூடாரத்துக்கு வெளியே 7 நாள் தங்க வேண்டும். எட்டாம் நாள்தான் காணிக்கை. தேவனே கொடுத்த சுகத்தையும் பொறுமையாகச் சோதித்துப் பார் என்று தேவனே சட்டம் வைத்திருக்கிறார்.

மாற்கு 8இல் பெத்சாயிதா குருடன் கதை இன்னும் நேராக என்னைக் குத்தியது. இயேசு அவன் கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் என்ன சொன்னான்? "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்." அதாவது, சரியாகத் தெரியவில்லை ஆண்டவரே என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். இயேசு கோபப்படவில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்றும் சொல்லவில்லை. மறுபடியும் கண்களின்மேல் கைகளை வைத்தார், அவன் தெளிவாகக் கண்டான். அந்த இடத்தில் நாங்கள் நின்றிருந்தால் முதல் தடவையிலேயே அவனை "நல்லாத் தெரியுது, அல்லேலூயா" என்று சொல்லவைத்து மைக்கை வாங்கியிருப்போம்.

நாம் ஏன் அவசரப்படுகிறோம்? நோயாளியைப் பொறுமையாக இருங்கள் என்கிறோம், உண்மையில் பொறுக்க முடியாமல் தவிக்கிறவர்கள் நாம்தான். நாம் ஏறெடுத்த ஜெபத்துக்குப் பலன் கிடைத்ததா என்று உடனே தெரிந்தாக வேண்டும். அதற்கு அவருடைய உடம்பைச் சாட்சிக்கு இழுக்கிறோம்.

இப்போது ஜெபம் முடிந்ததும் நான் எதுவும் கேட்பதில்லை. சாட்சி சொல்லட்டுமா என்று அவர்களாகவே வந்து கேட்டால், டாக்டரிடம் காட்டி, சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்கிறேன். சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருடம் ஆயுசைக் கூட்டுவேன் என்று கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அவருடைய கட்டியின்மேல் அத்திப்பழ அடையை மருந்தாக வைக்கச் சொன்னாரே. கூடவே ஒன்றும் சொல்லிவைக்கிறேன்: "வலி திரும்ப வந்தா முதல்ல எனக்கு போன் பண்ணுங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

அழாதீர்கள் என்பது

பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. 13ஆம் சங்கீதத்தின் முதல் 2 வசனங்களிலேயே தாவீது 4 தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு துதி வசனம்கூட இல்லை, அப்படியே வேதத்துக்குள் இடம் கொடுத்திருக்கிறார்கள். "யோபின் பொறுமை" என்று யாக்கோபு தன் நிருபத்தில் எழுதுகிறார். அந்த யோபு தான் பிறந்த நாளையே சபித்தவர், தேவனோடு அதிகாரம் அதிகாரமாக வழக்காடியவர். ஆனாலும் தேவனை விட்டுப் போகவில்லை. அதைத்தான் பொறுமை என்று வேதம் சொல்கிறது.

ஆகவே நோயாளி அழுதால் அழட்டும். வார்த்தை வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தை அவருக்காக நீங்கள் வாசியுங்கள். முழுவதும் வாசியுங்கள், முடிவில் ஆறுதலாக ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

தேதி குறிப்பது

"இந்த மாசத்துக்குள்ள எழுந்து நடப்பீங்க." சொல்லாதீர்கள்.

இன்னொருவருக்குக் கிடைத்த சுகத்தைச் சொல்வது

நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். கேட்கிறவருக்கோ "அவருக்குக் கிடைச்சது, எனக்கு ஏன் இல்லை?" என்றுதான் விழுகிறது. மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பன்மேல் கைகளை வைத்துச் சுகமாக்கிய அதே பவுல்தான், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார். காரணம் எதுவும் எழுதவில்லை. நாமும் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

நீண்ட ஜெபம்

காய்ச்சலில் கிடப்பவருக்கு 3 நிமிடமே அதிகம்.

மூன்றாம் மாதத்தில் காணாமல் போவது

முதல் வாரம் கட்டிலைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. மூன்றாம் மாதம் நாற்காலி காலியாகக் கிடக்கும். யோபின் நண்பர்களை நாம் குறை சொல்கிறோம், ஆனால் அவர்கள் 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தப்பு நடந்தது. சுகம் வராமல் போகிற வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது நமக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் நின்றுவிடுகிறோம். போங்கள். ஜெபிக்கப் புதிதாக ஒன்றும் இல்லையென்றால் போன வாரம் ஜெபித்ததையே ஜெபியுங்கள். பவுலும் ஒரே காரியத்துக்காக 3 தடவை வேண்டிக்கொண்டார்.

அன்று திரும்பி வரும் வழியில், கம்பியைப் பிடித்திருந்த கையைப் பற்றி அந்தத் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 4 நாள் கழித்து மறுபடியும் இருவரும் போனோம். தம்பி ஜெபிப்பதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "நேத்து ராத்திரி தூங்குனீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"எங்க தம்பி. ரெண்டு மணிக்கு மேல பொறுக்கவே முடியல" என்றார் அவர்.

அவர் மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் நர்ஸைக் கூட்டிவந்தார்.